ஃப்ளோரன்ஸ் ரயில் நிலையம் ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது: உலகமே வந்து பார்க்கும் மறுமலர்ச்சிக் கால நகரத்தில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வந்தேன், பழுப்புக் கல்லில் நீளமாக, தட்டையாக ஒரு கட்டடம், அவ்வளவுதான், இதைப் போய் ஏன் கட்டடக்கலைப் படிப்பில் பாடமாக வைத்திருக்கிறார்கள், இது முசோலினி கட்டியது என்கிறார்களே, மேலேயிருந்து பார்த்தால் ஃபாசிசச் சின்னம் தெரியும் என்கிறார்களே, அதெல்லாம் நிஜமா. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள், அடுத்த மாதம் அதே வழியாகப் போகும்போது ரயில் மாற ஒரு மணி நேரம் கிடைக்கும், பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று. எனக்கு இதில் தெரிகிற உண்மையான கேள்வி வேறு. அந்த ஆட்சியில் பிறந்த கட்டடத்தை நல்ல கட்டடம் என்று மனசாட்சியோடு சொல்ல முடியுமா என்பதுதான் நீங்கள் கேட்க வந்தது என்று நினைக்கிறேன். நான் கட்டடக்கலை படித்தவன், இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலை வரலாற்றைப் பல வருஷமாகப் பாடம் எடுக்கிறவன், இந்த நிலையத்தை வகுப்பில் நடத்தாத வருஷமே இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கட்டடத்தின் எல்லா முடிவுகளும் அங்கிருந்துதான் வருகின்றன. நிலையத்துக்குப் பெயர் கொடுத்ததே எதிரே இருக்கும் சாந்தா மரியா நொவெல்லா தேவாலயம். டொமினிக்கன் துறவிகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய கோத்திக் கட்டடம் அது. அதன் புகழ்பெற்ற பளிங்கு முகப்பு, லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி வடிவமைத்து 1470-ல் முடிந்தது, அந்தப் பக்கத்துச் சதுக்கத்தைப் பார்த்து நிற்கிறது. ரயில் நிலையத்திலிருந்து வெளியே வருகிறவருக்குத் தெரிவது தேவாலயத்தின் பின்பக்கம்: அலங்காரமே இல்லாத பழுப்புக் கற்சுவர்கள், குறுகலான உயர்ந்த ஜன்னல்கள், ஒரு மணிக்கூண்டு. ஊரின் மிகப் பழைய, மிக மதிக்கப்படும் ஒரு கட்டடத்தின் முதுகுக்கு நேர் எதிரே, அதுவும் நகரத்துக்குள் நுழையும் வாசலில், 1930-களில் ஒருவர் என்ன கட்டினாலும் திட்டு வாங்கத்தான் செய்வார்.

அங்கே ஏற்கனவே ஒரு நிலையம் இருந்தது. 1848-ல் திறந்த அதற்கு ஃப்ளோரன்ஸ் இருக்கும் தஸ்கனிப் பகுதியின் கோமகள் மரியா அந்தோனியாவின் பெயர். அதே 1848-ல் ஊருக்கு வெளியே லியொபோல்தா என்று இன்னொரு நிலையமும் வந்தது. அது சில வருஷத்திலேயே பயணிகள் நிலையமாக இல்லாமல் போய், இப்போது கண்காட்சிகள் நடக்கும் கூடமாக இருக்கிறது. மரியா அந்தோனியா நகரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் நிலைத்தது, ஆனால் இருபதாம் நூற்றாண்டின் போக்குவரத்துக்கு அது போதவில்லை. இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. அப்பென்னின் மலையைக் குடைந்து பொலோனியாவிலிருந்து ஃப்ளோரன்ஸுக்கு நேர்வழிப் பாதை ஒன்றைப் போட்டுக்கொண்டிருந்தார்கள், 18 கிலோமீட்டருக்கும் நீளமான ஒரு சுரங்கம் அதில் உண்டு, 1934-ல் அது திறந்தது. அதோடு மிலானையும் ரோமையும் இணைக்கும் முக்கியப் பாதை ஃப்ளோரன்ஸ் வழியாக வேகமாக ஓடப் போகிறது, மின்சார ரயில் வரப் போகிறது. புதிய நிலையம் ஒரு ஆடம்பரத்துக்காக வந்ததல்ல, பாதையே அதைக் கேட்டது. மின்சார ரயில் என்றால் நீராவி எஞ்சினின் புகை போக வேண்டும் என்பதற்காகத் தண்டவாளத்தின் மேல் கட்டும் அந்தப் பெரிய இரும்பு வளைவுக் கூரைக்கான தேவையும் குறைகிறது. தாழ்வான நிலையம் என்ற எண்ணத்துக்கு இதுவும் ஒரு வழி விட்டது.

அந்தக் காலத்தில் இத்தாலியில் ரயில் நிலையம் என்றால் மனசில் வந்தது மிலான் மத்திய நிலையம். உலிஸ்ஸே ஸ்தக்கீனி 1912 போட்டியில் வென்ற வடிவமைப்பு அது, போரும் பணத்தட்டுப்பாடும் இழுத்தடித்து 1931-ல்தான் திறந்தது. முகப்பு சுமார் 200 மீட்டர் அகலம், 72 மீட்டர் உயரம், மேலே இறக்கை வைத்த குதிரைகள், எங்கு திரும்பினாலும் சிற்பம். நேரில் நின்றால் மனுஷன் எறும்பாகிவிடுவான், அதுதான் அதன் நோக்கமும். அது திறந்து நாலே வருஷத்தில் ஃப்ளோரன்ஸ் நிலையம் திறக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே நாடு, ஒரே ஆட்சி, ஒரே ரயில்வே என்று நம்புவது கஷ்டம். என் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு படங்களைத்தான்.

ஃப்ளோரன்ஸுக்கு முதலில் வரைந்தவர் ஆஞ்ஜொலோ மட்சோனி. ரயிலையும் தபாலையும் கவனித்த தகவல்தொடர்பு அமைச்சகத்தின் சொந்தக் கட்டடக்கலைஞர், எஞ்சினியர், நாடு முழுக்க நிலையங்களும் தபால் நிலையங்களும் கட்டிக்கொண்டிருந்தவர். அவருடைய திட்டம் வெளியே தெரிந்ததும் ஊரில் பெரிய எதிர்ப்பு. எழுத்தாளர்கள், ஓவியர்கள், கட்டடக்கலைஞர்கள் என்று எல்லாரும் பத்திரிகைகளில் எழுதித் தள்ளினார்கள். கடைசியில் 1932-ல் அமைச்சகம் போட்டி வைக்க ஒப்புக்கொண்டது. நூறுக்கும் மேற்பட்ட திட்டங்கள் வந்தன. நடுவர்களில் ஆட்சியின் செல்வாக்குமிக்க கட்டடக்கலைஞர் மார்ச்செல்லோ பியாச்செந்தீனியும் இருந்தார், இயந்திரத்தையும் வேகத்தையும் கொண்டாடிய எதிர்காலவாதக் கலை இயக்கத்தின் கவிஞர் மரினெத்தியும் இருந்தார், அதாவது ஒன்றுக்கொன்று ஒட்டாத ரசனைகள். 1933-ல் அவர்கள் தேர்ந்தெடுத்தது தஸ்கனிக் குழு என்ற பெயரில் வந்த திட்டத்தை. ஜொவான்னி மிக்கெலூச்சி, நெல்லோ பரோனி, பியர் நிக்கொலோ பெரார்தி, இதாலோ காம்பெரீனி, சார்ரே குவார்னியெரி, லியொனார்தோ லுசான்னா என்று ஆறு பேர். மிக்கெலூச்சி ஃப்ளோரன்ஸ் கட்டடக்கலைப் பள்ளியின் ஆசிரியர், அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். மற்ற ஐந்து பேரும் அவரைவிட ரொம்ப இளையவர்கள், அப்போதுதான் படிப்பை முடித்தவர்களும் அதில் உண்டு.

முடிவு வந்ததும் சண்டை இன்னும் பெரிதானது. பத்திரிகைகளில் மாதக்கணக்கில் இதே பேச்சு. தூணும் வளைவும் இல்லாத கட்டடம் இத்தாலியக் கட்டடமே அல்ல, இது ஜெர்மனியிலிருந்து இறக்குமதி செய்த சரக்கு, தேவாலயத்துக்கு அவமானம் என்று ஒரு பக்கம். 1934 மே மாதம் நாடாளுமன்றத்தில்கூட உறுப்பினர்கள் இந்த நிலையத்தையும், சதுப்பு நிலத்தில் புதிதாகக் கட்டிய சபாவுதியா நகரத்தையும் சேர்த்துத் திட்டினார்கள். இத்தனைக்கும் அங்கே இருந்தவர்கள் எல்லாருமே ஒரே கட்சி. ஜூன் மாதம் முசோலினி இந்த இரண்டு திட்டங்களின் கட்டடக்கலைஞர்களையும் ரோமுக்கு வரவழைத்து, வெளிப்படையாகப் பாராட்டினார். அதோடு எதிர்த்தவர்கள் வாயடைத்துப்போனார்கள். 1935 அக்டோபர் கடைசியில் நிலையம் திறந்தது. இவை எல்லாம் பதிவில் உள்ள விஷயங்கள், இவற்றில் சந்தேகமே வேண்டாம்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். தட்டையாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னது சரியான கவனிப்பு. அதைக் குறையாக எடுத்துக்கொண்டதில்தான் நான் மாறுபடுகிறேன். நிலையத்துக்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தில் அதற்கு முதுகைக் காட்டி நின்று தேவாலயத்தைப் பாருங்கள், அப்புறம் திரும்பி நிலையத்தைப் பாருங்கள். உயரத்தை முழுசாகத் தேவாலயத்துக்கே விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். மணிக்கூண்டோடு போட்டி போடும் ஒரு கோபுரம்கூட நிலையத்தில் கிடையாது. முகப்பு ஏறக்குறைய வெறும் சுவர், படுத்த வாக்கில் நீண்டு போகும் கற்சுவர். அந்தக் கல்லின் பெயர் பியெத்ராஃபோர்த்தே, ஃப்ளோரன்ஸின் சொந்த மணற்கல், வெயிலில் தேன் நிறத்துக்கும் பழுப்புக்கும் நடுவில் இருக்கும். பலாட்சோ வெக்கியோ, பலாட்சோ பித்தி, பலாட்சோ ஸ்த்ரோட்சி எல்லாம் இந்தக் கல்தான். எதிரே இருக்கும் தேவாலயத்தின் பின்சுவரும் இதே கல். இவ்வளவு நவீனமான ஒரு கட்டடத்துக்கு வெள்ளைச் சுண்ணப்பூச்சு போட்டிருந்தால் அன்றைய ஐரோப்பியப் பாணிக்கு அது சரியாகப் பொருந்தியிருக்கும், பத்திரிகையில் படம் நன்றாக வந்திருக்கும், ஊருக்கு மட்டும் அந்நியமாக நின்றிருக்கும். அவர்கள் அந்த வழியில் போகவில்லை. வடிவம் முழுக்கப் புதுசு, தோல் முழுக்க ஊர்க்கல். அலங்காரத்தைக் கடன் வாங்காமல் பழைய நகரத்தோடு ஒத்துப்போக முடியும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய கட்டடம் அந்தக் காலத்தில் ரொம்பக் குறைவு. இதைப் பாடமாக வைப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

அந்தச் சுவரின் ஒரு இடத்தில் மட்டும் கல் விலகி, கண்ணாடி வழிகிறது. கூரையிலிருந்து பட்டை பட்டையாக இறங்கி, முகப்பின் விளிம்பில் மடங்கி, வாசல் வரைக்கும் கீழே வரும் கண்ணாடி. ஊர்க்காரர்கள் அதைக் கண்ணாடி அருவி என்கிறார்கள், பொருத்தமான பெயர். இதில் கவனிக்க வேண்டியது, அது முகப்பின் நட்டநடுவில் இல்லை. மிலானில் போல இரண்டு பக்கமும் சமமாக வைத்து, நடுவில் ஒரு வெற்றி வளைவை நிறுத்தி, இதோ வாசல் என்று அறிவிக்கும் வேலையே இங்கே கிடையாது. உள்ளே டிக்கெட் கூடம் எங்கே இருக்கிறதோ, அதன் மேல் ஓடும் கூரைக் கண்ணாடி எங்கே வெளியே வருகிறதோ, அங்கேதான் அருவி விழுகிறது. உள்ளே இருக்கும் ஏற்பாடு வெளியே தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. இரவில் விளக்குப் போட்டதும் கற்சுவர் இருட்டிவிடும், அந்தப் பட்டைகள் மட்டும் ஒளிரும், சதுக்கத்தின் எந்த மூலையில் நின்றாலும் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

உள்ளே நடந்து பாருங்கள், அடுத்த காரணம் கிடைக்கும். இது ரயில்கள் முட்டி நின்று திரும்பிப் போகும் கடைசி நிலையம், பாதை அதைத் தாண்டிப் போவதில்லை. அதனால் படிக்கட்டே ஏறாமல், பாலமும் சுரங்கமும் இல்லாமல், சதுக்கத்திலிருந்து பிளாட்பாரம் வரை ஒரே மட்டத்தில் போகலாம். வாசல், டிக்கெட் கூடம், பிளாட்பாரங்களின் தலைமாட்டில் குறுக்காக ஓடும் பெரிய கூடம், பிளாட்பாரம், இவ்வளவுதான் வரிசை. பெட்டியை இழுத்துக்கொண்டு அவசரமாக ஓடுகிறவருக்கு இதைவிடச் சுலபமான பாதை போட முடியாது. தலைமாட்டுக் கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள்: நடுவில் எங்கேயும் தூண் கிடையாது, கூரையின் கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் பரவலாக விழும், கீழே தரையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பளிங்குப் பட்டைகள். தூண் இல்லாத இடம் என்பது வெறும் எஞ்சினியர் வித்தை என்று நினைக்க வேண்டாம். கூட்ட நேரத்தில் எதிரும் புதிருமாக மக்கள் போகும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து விலகிப் போக முடிகிறது, பிளாட்பாரங்களின் எண்களை தூரத்திலிருந்தே படிக்க முடிகிறது. வெளியே அவ்வளவு மூடிய சுவராக இருக்கும் கட்டடம் உள்ளே இவ்வளவு திறந்து கிடப்பது முதல் தடவை வருகிறவர்களை நிறுத்திவிடும். நீங்கள் அன்றைக்கு இறங்கி நேராக வெளியே போய்விட்டீர்கள் என்று தோன்றுகிறது, அதனால் சுவரை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

கடிகாரம், பெஞ்சு, கவுண்டர், எழுத்து வரைக்கும் எல்லாவற்றையும் கட்டடத்தோடு சேர்த்தே யோசித்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு ஃப்ளோரன்ஸ் ஓவியர் ஒத்தோனே ரொசாய் தஸ்கனியின் நிலக்காட்சிகளை வரைந்தார். இன்று கடைகளும் விளம்பரத் திரைகளும் கண்ணை மறைக்கின்றன, அது எனக்கு வருத்தம்தான், ஆனாலும் சுவரில் பதித்த பளிங்கும் உலோக விளிம்புகளும் பல இடங்களில் இன்னும் பிழைத்திருக்கின்றன, தேடினால் கிடைக்கும்.

இப்போது முசோலினி. அவர் கட்டியதா என்றால், அவருடைய அரசு கட்டியது, அவர் தனிப்பட்ட முறையில் ஆதரித்தார், இது மறுக்க முடியாதது. வடிவமைத்தவர்களும் ஆட்சிக்கு எதிராக நின்றவர்கள் அல்ல, ஆட்சியின் போட்டியில் கலந்துகொண்டு ஆட்சிக்காகக் கட்டியவர்கள். பிற்காலத்தில் சில பேர் இதை ஃபாசிசத்தை மீறிப் பிறந்த கட்டடம் மாதிரி எழுதினார்கள். போருக்குப் பிறகு இத்தாலியக் கட்டடக்கலைஞர்களுக்கு அப்படி ஒரு ஆறுதல் தேவைப்பட்டது, புரிந்துகொள்ள முடிகிறது, ஆனால் நடந்தது அது இல்லை. 1930-களின் முற்பகுதியில் அந்த ஆட்சிக்குக் கட்டடத்தில் ஒரே பாணி என்று இருக்கவில்லை. ஜெர்மனியில் நாஜிகள் நவீனக் கட்டடக்கலையை விரட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இத்தாலியில் இளைஞர்கள் நாங்கள்தான் புரட்சியின் உண்மையான கலைஞர்கள் என்று சொல்லி அரசின் வேலைகளை வாங்கிக்கொண்டிருந்தார்கள். புதுமையைக் காட்டிக்கொள்வது ஆட்சிக்கும் லாபமாக இருந்தது. சில வருஷம் கழித்து, பேரரசுக் கனவு தலைக்கேறிய பிறகு, தூணும் வளைவும் திரும்ப வந்துவிட்டன. ஃப்ளோரன்ஸ் நிலையம் அந்தக் குறுகிய இடைவெளியில் நழுவி வந்த ஒன்று. முசோலினி அதை ஏன் ஆதரித்தார் என்பதில் மட்டும் நான் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். ரசனை என்கிறவர்கள் உண்டு, தன் கட்சிக்காரர்களின் ஒரு கோஷ்டியை இன்னொரு கோஷ்டியை வைத்து அடக்கினார் என்கிறவர்கள் உண்டு. இரண்டாவதுக்குத்தான் நான் சாய்கிறேன், ஏனென்றால் அதே மனிதர் பிற்பாடு நேர் எதிரான கட்டடங்களையும் அதே உற்சாகத்தோடு ஆதரித்தார்.

மேலேயிருந்து பார்த்தால் ஃபாசிசச் சின்னம், அதாவது கோடரி செருகிய கழிக்கட்டு மாதிரி தெரியும் என்ற கதை சுற்றுலா வழிகாட்டிகள் வாயில் நிரந்தரமாக இருக்கிறது. வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டால், ஆமாம், பார்க்க ஆசைப்படுகிறவருக்கு அப்படித் தெரியும்: டிக்கெட் கூடத்தின் நீளமான கூரைப் பட்டை ஒரு பக்கம், அதற்குக் குறுக்கே தலைமாட்டுக் கூடம். ஆனால் அந்த உருவத்தை விளக்க ஒரு சின்னமே தேவைப்படவில்லை. முட்டி நிற்கும் ஒரு நிலையத்தில் பிளாட்பாரங்களுக்குக் குறுக்காக ஒரு கூடம் இருந்தே ஆக வேண்டும், சதுக்கத்திலிருந்து அந்தக் கூடத்துக்கு ஒரு வழியும் இருந்தே ஆக வேண்டும், ஒவ்வொரு அங்கமும் ஏன் அங்கே இருக்கிறது என்பதைப் பயணியின் நடையை வைத்தே சொல்லிவிடலாம். தவிர, 1935-ல் ரயில் ஏற வந்த யாரும் அதை மேலேயிருந்து பார்க்கப் போவதில்லை. அந்த ஆட்சி சின்னம் காட்ட ஆசைப்பட்டபோதெல்லாம் கண்ணுக்கு நேரே, கல்லில் செதுக்கித்தான் காட்டியது, அதில் அவர்களுக்குக் கூச்சமே இருந்ததில்லை. அதனால் நான் இதைக் கதை என்ற கணக்கில்தான் வைக்கிறேன். திட்டமிட்ட ரகசியச் சின்னம் என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

இன்னொரு சந்தேகமான விஷயம், யார் வரைந்தது என்பது. சுற்றுலாப் புத்தகங்கள் மிக்கெலூச்சியின் நிலையம் என்று போட்டுவிடுகின்றன. அவர்தான் மூத்தவர், பிற்பாடு பெரும் புகழ் பெற்றவர். ஃப்ளோரன்ஸுக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் கூடாரம் மாதிரிக் கூரை போட்ட சான் ஜொவான்னி பத்திஸ்தா தேவாலயம் அவருடையது, நூறு வயதுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இறந்தார். ஆனால் இந்தத் திட்டத்தின் விதை இளைஞர் காம்பெரீனி தன் பட்டப்படிப்பின் இறுதித் திட்டமாக ஃப்ளோரன்ஸுக்கு வரைந்த ஒரு ரயில் நிலையத்தில் இருக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட செய்தி. அதற்கு மேல் யார் பங்கு எவ்வளவு என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. ஆறு பேரும் சேர்ந்து ஒரு குழுவின் பெயரில் கொடுத்ததை ஒரே பெயரில் எழுதுவது நியாயமில்லை என்பது என் கருத்து. அப்புறம் தோற்றுப்போன மட்சோனியையும் மறந்துவிட வேண்டாம். போட்டி வந்து அவர் திட்டம் ஒதுக்கப்பட்டாலும் நிலையத்தின் துணைக் கட்டடங்கள் அவர் கையில்தான் இருந்தன, அவற்றில் ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன். சீயெனா, திரெந்தோ நிலையங்கள் அவருடையவை. ரோமின் தெர்மினி நிலையத்துக்கும் அவர்தான் முதலில் வரைந்தார். பக்கவாட்டுக் கட்டடங்கள் எழும்பிய நிலையில் போர் குறுக்கிட்டு, முன்பகுதிக்கு 1947-ல் புதிய போட்டி வைத்து, 1950-ல் இன்று நாம் பார்க்கும் அந்த அலை வடிவக் கூரை வந்தது. பெருமிதத் தூண்களை விட்டுவிட்டு வெளிச்சமான, தாழ்வான ஒரு முகப்பை ரோம் ஏற்றுக்கொண்டதற்கு ஃப்ளோரன்ஸ் வழி போட்டுக்கொடுத்தது என்றே நான் படிக்கிறேன்.

நல்ல கட்டடம் என்று சொல்லிவிட்டு மிச்சத்தைச் சொல்லாமல் விடுவது சரியாக இருக்காது. 1938 மே 9 அன்று ஹிட்லர் ஃப்ளோரன்ஸுக்கு வந்து இறங்கியது இந்த நிலையத்தில்தான், ஊரையே அலங்கரித்து வரவேற்றார்கள். அதே வருஷம் இத்தாலியில் யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்கள் வந்தன. 1943 நவம்பரில் ஃப்ளோரன்ஸ் யூதர்களை வீடு வீடாகப் பிடித்து, 9-ம் தேதி இங்கிருந்து ரயிலில் ஏற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். 1944 மார்ச் 8 அன்று, வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பிடிக்கப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு இன்னொரு ரயில் மாவுத்தாவுசன் முகாமுக்குப் போனது. பிளாட்பாரப் பக்கம் நினைவுக் கல் வைத்திருக்கிறார்கள். சதுக்கத்திலிருந்து ரயில் வரை தடங்கலே இல்லாத அந்தப் பாதையைப் பற்றி மேலே அவ்வளவு புகழ்ந்தேன். அந்த மக்களையும் இதே நிலையத்திலிருந்துதான் ஏற்றினார்கள். கட்டடத்தின் தரம் அதைத் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது. நல்ல கட்டடமா என்ற கேள்விக்கு நான் ஆமாம் என்பேன், யாருக்காகக் கட்டினார்கள், அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற கேள்விக்கு இதையும் சொல்வேன். ஒரு பதிலை வைத்து இன்னொன்றை அழிக்க எனக்கு விருப்பமில்லை, வகுப்பிலும் இரண்டையும் ஒரே நாளில்தான் நடத்துகிறேன்.

பிற்காலத்தைப் பற்றிச் சுருக்கமாக. 1990 கால்பந்து உலகக் கோப்பைக்காக நிலையத்தின் பக்கவாட்டில் கிறிஸ்தியானோ தொரால்தோ தி ஃப்ரான்சியா வடிவமைத்த ஒரு பஸ் நிலையக் கூரை வந்தது, பளிங்கு பதித்தது. அது ஊருக்குப் பிடிக்கவே இல்லை, 2010-ல் இடித்துவிட்டார்கள். பழைய நிலையத்தோடு அது சண்டை போட்டது என்பதை ஒத்துக்கொள்கிறேன், இருந்தாலும் இருபது வருஷத்தில் இடிப்பது அவசரம் என்றே எனக்குத் தோன்றியது. அதிவேக ரயில்கள் இங்கே வந்து முட்டித் திரும்புவதில் நேரம் வீணாகிறது என்று ஊருக்கு அடியில் ஒரு புதிய நிலையத்துக்கு 2002-ல் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வடிவமைப்புப் போட்டியில் வென்றது. வழக்கு, பணம், ஒப்பந்தம் என்று இழுத்து 2023-ல்தான் சுரங்கம் தோண்டும் இயந்திரம் ஓட ஆரம்பித்தது. 1932-ல் போட்டி வைத்து 1935-ல் ரயில் ஓட்டியவர்களின் ஊர் இது என்பதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது.

உங்களுக்கு இருக்கும் ஒரு மணி நேரத்துக்கு என் யோசனை இது. இறங்கியதும் வெளியே ஓடாதீர்கள், தலைமாட்டுக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாக நடங்கள், தரையையும் கூரையையும் மாறி மாறிப் பாருங்கள். டிக்கெட் கூடம் வழியே வெளியேறுங்கள், அங்கே கண்ணாடி எப்படிக் கூரையிலிருந்து சுவராக மடங்குகிறது என்பதை உள்ளிருந்து ஒரு தடவை, வெளியே வந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். சதுக்கத்தைக் கடந்து தேவாலயத்தின் பின்சுவர் வரை போய், கையை அந்தக் கல்லில் வைத்துப் பாருங்கள், திரும்பி வந்து நிலையத்தின் கல்லிலும் வைத்துப் பாருங்கள். நிலையத்தின் ஒரு பக்கத்தில் பலாட்சீனா ரியாலே என்ற வெள்ளைப் பளிங்குக் கட்டடம் இருக்கும்; மன்னர் குடும்பம் ரயிலேறக் கட்டிய தனிக் கூடம், மிக்கெலூச்சியின் கை அதில் நன்றாகத் தெரியும், வெளியே இதாலோ கிரிசெல்லியின் சிற்பம் ஒன்று ஆர்னோ நதியையும் அதன் பள்ளத்தாக்கையும் உருவமாகக் காட்டுகிறது. இப்போது ஊரின் கட்டடக்கலைஞர் சங்கம் அங்கே இருக்கிறது. இன்னும் நேரம் மிச்சமிருந்து, நடக்கத் தெம்பும் இருந்தால், தண்டவாளத்தை ஒட்டியே வியா தெல்லே கியாச்சாயே தெரு வரை போங்கள். அங்கேதான் மட்சோனியின் வெப்பமூட்டும் நிலையம். ரத்தச் சிவப்புச் சுவர், மேலே வரிசையாக நான்கு உலோகப் புகைபோக்கிகள், வெளியே சுருண்டு ஏறும் இரும்புப் படிக்கட்டு, அவர் எதிர்காலவாதிகளோடு நெருங்கிய காலத்தின் துணிச்சலான வேலை. உள்ளே விடுவது அபூர்வம், தெருவிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். போகவும் வரவும் ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள், ரயிலை விட்டுவிட வேண்டாம்.